மனைக்கோழியின் கணக்கு

வீட்டில் கோழி வளர்க்க விழைவோர் முதலில் எழுப்பும் வினாக்கள் இரண்டு. எந்த இனத்தைத் தேர்வது? எத்தனை கோழிகளை வைத்துக்கொள்வது? கால்நடை மருத்துவரும் வணிகரும் இவற்றுக்குத் தத்தம் நூலறிவாலும் பட்டறிவாலும் விடை கூறுவர். வரலாறு பயில்பவன் என்ற முறையில் நான் வேறு சில வினாக்களை எழுப்ப விரும்புகிறேன். மருத்துவரும் வணிகரும் வருவதற்கு முன்பு, கும்பகோணத்தைச் சூழ்ந்த நெல்வயல் ஊர்களில் இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறியவர் யார்? எதனை அளவாகக் கொண்டு அவ்விடை பிறந்தது? பின்னர் அது ஏன் மாறியது? சிறிய செய்திதானே என்று எண்ண வேண்டா. ஒரு வீட்டில் இருந்த கோழிகளின் எண்ணிக்கையைக் கொண்டே, அவ்வீட்டுக்குள் நெல் எவ்வழி வந்து எவ்வழி சென்றது என்பதையும், அவ்வீட்டுப் பெண்ணின் கையில் சொந்தக் காசு இருந்ததா என்பதையும் ஒருவாறு அறிந்துகொள்ளலாம்.

கோழியும் நெல்லும் நெடுநாள் உறவினர். நம் வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழி என்னும் காட்டுப்பறவை. மூங்கிற் புதர்களில் மறைந்து வாழ்ந்த அப்பறவை எப்போது மனிதனின் வாயிலுக்கு வந்தது என்பது பற்றி அறிஞரிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு நிலவியது. 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, வீட்டுக் கோழிக்குரிய மிகப் பழைய உறுதியான எலும்புகள் தாய்லாந்து நாட்டின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவையே என்றும், அவை கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றும் கூறியது. நெல்லும் சிறுதானியமும் பயிரிடப்பட்ட இடங்களில் சிந்திக் கிடந்த மணிகளே காட்டுப் பறவையை வீட்டை நோக்கி ஈர்த்தன என்பது அவ்வாய்வாளர் தம் முடிவு. மனிதன் கோழியைப் பிடித்து வந்தான் என்பதைவிட, சிந்திய நெல்லைத் தேடிக் கோழி மனிதனிடம் வந்தது என்பதே பொருந்தும் போலும்.

இவ்வுறவின் அழகிய சான்றொன்று நம் இலக்கியத்திலும் உண்டு. காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரைப் பாடும் பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. முற்றத்தில் உலரும் உணவுப்பொருளைக் கொத்த வந்த கோழியை விரட்ட, வீட்டு மகளிர் தம் காதணியையே கழற்றி எறிகின்றனர். அவ்வணி தரையில் கிடந்து, சிறுவர் உருட்டி வரும் சிறுதேருக்குத் தடையாகிறது. சோழநாட்டுச் செல்வத்தைக் காட்டவே புலவர் இதனைப் பாடினார் என்று ஆசிரியர்கள் கற்பிப்பர். அது உண்மையே. ஆயினும், அக்காட்சி நிகழ வேண்டுமானால் முற்றம் வேண்டும். முற்றத்தில் உலரும் பொருள் வேண்டும். அதனைக் காக்கும் பெண் வேண்டும். வேளை பார்த்து வரும் கோழி வேண்டும். இந்நான்கும் சேர்ந்ததே காவிரிக்கரை மனையறம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இக்காட்சியில் மாறியது காதணி ஒன்றுதான்.

கோழிக்கு இந்நாட்டில் வேறொரு பெருமையும் உண்டு. சோழரின் பழைய தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் வழங்கியது. யானையைச் சேவல் ஒன்று எதிர்த்து வென்ற இடம் அது என்பர். கும்பகோணத்துக்கு மேற்கே சுவாமிமலையில் எழுந்தருளியிருக்கும் முருகனின் கொடியில் இருப்பதும் சேவலே. விழுப்புரம் வட்டாரத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கு எடுத்த நடுகல் இருக்கிறது, அது கி.பி. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்ட தமிழர், போரில் பட்ட சேவலுக்கும் கல் நட்டனர்.

கல்லில் நின்றது சேவல். முற்றத்தில் நின்றது பெட்டை. இவ்விரண்டு தேவைகளுக்கும் ஏற்ப நம் மக்கள் இனங்களையும் இரண்டாகவே பகுத்திருந்தனர். பெருவிடை என்பது ஓங்கிய உடலும் நீண்ட காலும் உடையது. அசில் என்று இன்று நூல்கள் குறிக்கும் போர்க்கோழி இவ்வகையது. இறைச்சியும் விலையும் மிகுதி; முட்டை குறைவு. சிறுவிடை என்பது சிற்றுடல் கொண்டது. குறைந்த தீனியில் நிறைவு கொள்ளும். தானே மேய்ந்து வரும். அடைக்கு அமர்ந்தால் அசையாது. குஞ்சு பொரித்தபின் பருந்தையும் எதிர்க்கும். இனத்தேர்வு என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த கலை என்று கருதுவோர் இப்பகுப்பை நோக்க வேண்டும். பந்தயத்துக்குப் பெருவிடை, மனைக்குச் சிறுவிடை என்பது பல தலைமுறைப் பட்டறிவின் முடிவு.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். கும்பகோணம் நகரத்து அக்கிரகார வீடுகளில் கோழிக்கு இடமில்லை. நகரை விட்டு அரசலாற்றைக் கடந்து தெற்கே சென்றால், வீட்டுக்கு வீடு பஞ்சாரம் கவிழ்த்திருப்பதை அந்நாளில் காணலாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தந்தையின் தாயை எங்கள் பக்கத்தில் அப்பாயி என்போம். எங்கள் அப்பாயியிடம் எப்போதும் இருந்தவை ஒரு சேவலும் நான்கு பெட்டைகளும். ஏன் ஐந்து, ஏன் பத்து இல்லை என்று அவரை யாரும் கேட்டதில்லை. ஆயினும் அந்த எண் ஆண்டு முழுவதும் ஐந்தாகவே நின்றதும் இல்லை. தை, மாசியில் சம்பா அறுவடையாகிக் களம் நிறைந்ததும் இரண்டு பெட்டைகளை அடைக்கு வைப்பார். பழங்கூடையில் மணலைப் பரப்பி, முட்டைகளை அடுக்கி, இடி இறங்காதிருக்க இரும்புத் துண்டொன்றும் கரித்துண்டொன்றும் ஓரத்தில் செருகுவார். 21 நாளில் குஞ்சுகள் வெளிவரும். பருந்துக்கும் கீரிக்கும் போனது போக மிஞ்சியவை வைக்கோற்போர் அடியிலும் எருக்குழி ஓரத்திலும் கிளறித் தின்று வளரும். ஆடி மாதத்தில் காவல் தெய்வங்களுக்குப் படையல் வரும்போது சேவற்குஞ்சுகள் நல்ல விலைக்குப் போகும். ஐப்பசி அடைமழை தொடங்குமுன் மறுபடியும் எண்ணிக்கை ஐந்தாகிவிடும்.

ஆக, அவர் மனத்தில் இருந்தது ஓர் எண் அன்று. ஏறி இறங்கும் ஒரு கணக்கு. அக்கணக்கின் அடிப்படையை இன்றைய அளவைகளில் சொல்ல முயல்கிறேன். ஆறேழு பேர் உண்ணும் உழவர் வீட்டில் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அரிசி செலவாகும் என்று கொள்வோம். அதற்கு மூன்றரை முதல் நான்கு கிலோ நெல் குத்த வேண்டும். நெல்லின் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்களவு தவிடு. எனவே நாள்தோறும் 300 கிராம் அளவுக்குத் தவிடு விழும். நொய்யும் குருணையும் தனி. தவிட்டில் பசுவின் பங்கு போக மீதமும், உரலைச் சுற்றிச் சிதறிய மணியும், கழுநீர்ப் பானை அடியில் தங்கிய பருக்கையும், குப்பையில் நெளியும் புழுவும் சேர்ந்தால், நாலைந்து சிற்றுடல் கோழிகளின் வயிறு நிறையும். பத்துக் கோழிகளானால் அரைவயிறுதான் நிறையும். அரைவயிற்றுக் கோழி முட்டையிடாது. பள்ளிக்கூடம் செல்லாத அப்பாயி இக்கணக்கை எங்கும் எழுதிப் பார்க்கவில்லை. ஆயினும் விடையைச் சரியாகக் கண்டிருந்தார்.

இது எங்கள் வீட்டுப் பெருமை மட்டுமன்று. நம்மைப் போலவே நெற்சோறு உண்ணும் இலங்கையின் சிற்றூர்களில் மேய்ந்து திரிந்த கோழிகளின் இரைப்பையில் இருந்ததை அறிவியலாளர் பகுத்துப் பார்த்தனர். 1993-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, நூற்றுக்கு 72 பங்கு வீட்டிலிருந்து எறியப்பட்ட உணவு மிச்சம். எஞ்சியதே புல்லும் புழுவும் நெல்லும். நாட்டுக்கோழி காட்டில் மேய்ந்து வாழ்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நம் அடுக்களையை மேய்ந்து வாழ்கிறது. வீட்டில் மிஞ்சுவது எவ்வளவோ அவ்வளவே கோழி.

இக்கணக்குக்குள் ஒரு பொருளாதாரமும் அடங்கியிருந்தது. நெல் விற்ற பணம் ஆடவர் கைக்குச் செல்லும். கோழியும் முட்டையும் விற்ற காசு பெண்ணின் சிறுவாடு. அதற்குக் கணக்குக் கேட்பவர் இல்லை. பெட்டை வாங்க இயலாத ஏழைப் பெண்ணுக்கும் வழி இருந்தது. வசதியுள்ளவரிடம் ஒரு பெட்டையை வாரத்துக்குப் பெற்று வளர்ப்பாள்; பொரித்த குஞ்சுகளில் பாதி அவளுக்கு, பாதி உரியவருக்கு. என் தந்தையார் கல்லூரியில் படித்தபோது ஒருமுறை தேர்வுக் கட்டணம் செலுத்த வீட்டில் பணமில்லை. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்த சிறுவாட்டுப் பணமே அன்று உதவியது. அதனை அவர் முதுமையிலும் சொல்லிக் கண் கலங்குவார்.

இனி மேனாட்டுக் கோழியின் வரவைக் காண்போம். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் ஆங்கிலப் பெயரால் வழங்கும் லெகார்ன் கோழி, 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா சென்று முட்டைக்கோழியாகச் செப்பம் பெற்றது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டுப் பகுதியில் உருவான செந்நிறக் கோழியின் உடலில் மலாய்ச் சேவலின் குருதியும் கலந்திருந்தது. இவை முற்றிலும் அயலவை என்றும் சொல்ல இயலாது. லெகார்னின் காலில் காணும் மஞ்சள் நிறத்துக்குரிய மரபுக்கூறு, தென்னிந்தியாவிலும் காணப்படும் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. உலகைச் சுற்றித் திரும்பிய உறவினரை நாம் சீமைக்கோழி என்று அழைத்தோம்!

தமிழ் மண்ணில் இவற்றைப் பரப்ப முதலில் முயன்றோருள் சிலர் கிறித்தவத் தொண்டர். காட்பாடியில் ஜான் டி வலாய் என்பவரும், மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரும் 1920-களில் சிற்றூர் மக்களிடையே இப்பணியில் ஈடுபட்டனர். மார்த்தாண்டத்தில் முட்டை விற்பனைக்குக் கூட்டுறவு முறையும் தோன்றியது. இத்தகைய முயற்சிகளின் அடிப்படை எளிது. ஊர்ப் பெட்டைகளை அப்படியே விட்டுவிட்டுச் சேவலை மட்டும் மாற்றுக. முதல் தலைமுறைக் குஞ்சில் பாதிக் குருதி புதிது; இரண்டாம் தலைமுறையில் முக்கால்; மூன்றாவதில் எட்டில் ஏழு பங்கு. ஒரு சேவலைக் கொண்டே ஓர் ஊரின் முட்டையைப் பெருக்கலாம் என்று நம்பினர். அந்நம்பிக்கையில் உண்மையும் இருந்தது. நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு 40 முதல் 60 முட்டைகள் வரை இடும். லெகார்ன் அதனைப் போல் மும்மடங்குக்கு மேலும் இட வல்லது.

ஆனால் முட்டை மிகுந்ததன் காரணத்தையும் நோக்க வேண்டும். நாட்டுப் பெட்டை பன்னிரண்டு, பதினைந்து முட்டையிட்டபின் நிறுத்தி அடைக்கு அமர்கிறது. பின்னர் இரண்டு மூன்று மாதம் தாயாக இருக்கிறது. அம்மாதங்களில் அதனிடம் முட்டையில்லை. லெகார்னிடம் அத்தாய்மைக் குணத்தை வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டனர். அடையை இழந்து முட்டையைப் பெற்றது அப்பறவை. ஆகவே லெகார்ன் மட்டும் உள்ள வீட்டில் அடுத்த தலைமுறைக் குஞ்சு பிறக்க, பொறியோ அயல்வீட்டு நாட்டுப் பெட்டையோ வேண்டும். எங்கள் ஊரில் வெள்ளைக்கோழி முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வைத்தே பொரிக்க வைத்தனர்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய 1956-க்குப் பின் கோழி வளர்ப்பை ஊர்தோறும் பரப்பும் பணி விரைவு பெற்றது. தஞ்சை மாவட்டம் 1960-இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு உரியதாயிற்று. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ஆடுதுறை 27 என்னும் குறுகியகால நெல் 1965-ஐ ஒட்டிப் பரவியது. வானொலியின் வேளாண் நிகழ்ச்சி வாயிலாக அறிந்து பயிரிட்டமையால் உழவர் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயரிட்டனர். புதியன எல்லாம் நன்மையாகவே தோன்றிய அக்காலத்தில், 1967-ஆம் ஆண்டில், எங்கள் வீட்டுக்கும் ஆறு வெள்ளை லெகார்ன்கள் வந்தன. எனக்கு அப்போது பத்து வயது. சொன்னது சொன்னபடி அவை முட்டையிட்டன. காலையில் கூட்டைத் திறந்து முட்டை பொறுக்குவது எனக்குத் திருவிழாவாக இருந்தது. நான்கு மாதம் சென்றது. பழைய ஐந்தோடு புதிய ஆறும் சேர, முற்றம் போதவில்லை. சோளமும் கடலைப் பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் விலைக்கு வாங்கினோம். முட்டைக் காசு தீவனக் கடைக்குச் சென்றது. அப்பாயி ஒருநாள் சொன்னார்: “களத்துல கெடக்குறதத் தின்னுட்டு வந்தா அது நம்ம கோழி, கடையில வாங்கிப் போட்டா அது கடைக்காரன் கோழி.”

அடுத்த கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. ராணிக்கேத் நோய் என்று மருத்துவர் கூறுவதும் இதனையே. 1920-களின் இறுதியில் இமயமலை ஊராகிய ராணிக்கேத்தில் நம் நாட்டில் முதன்முதல் அடையாளம் காணப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. தடுப்பு மருந்து 1940-களிலேயே நம் நாட்டு ஆய்வுக்கூடத்தில் உருவாகியிருந்தது. எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு நாங்கள் அதனைப் போட்டிருக்கவில்லை. நோய் இனம் பார்க்கவில்லை. வெள்ளையும் நாட்டுக்கோழியுமாக ஒன்பது மடிந்தன. எஞ்சியவை ஒரு சிறுவிடைப் பெட்டையும் ஒரு லெகார்னும். ஆறு மாதத்தில் சிறுவிடை பத்துக் குஞ்சுகளோடு நின்றது. லெகார்ன் நாள்தோறும் முட்டையிட்டுக்கொண்டு தனியே நின்றது. இதனைக் கொண்டு லெகார்னைப் பழிப்பது தவறு. அது தன் இயல்புக்கேற்ப நடந்தது. நாங்கள்தாம் இனத்தை முதலில் தேர்ந்து, முற்றத்தை மறந்தோம்.

இதற்குப் பின் நிகழ்ந்தது இன்னும் பெரிய மாற்றம். முற்றமே மாறிவிட்டது. கைக்குத்தலைக் காக்கவென்றே 1958-ஆம் ஆண்டில் அரிசி ஆலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆயினும் உரல் ஆலைக்குத் தோற்றது. தவிடு ஆலையில் தங்கி, எண்ணெய் எடுக்கப் போயிற்று. அறுவடைப் பொறி வந்தபின் களத்தில் கதிரடிப்பது அருகியது. வயலிலிருந்து நெல் நேரே கொள்முதல் நிலையத்துக்குச் செல்கிறது. பத்தாயம் வெறும் பலகையாயிற்று. உண்ணும் அரிசி மூட்டையில் வருகிறது. நெல் வீட்டுக்குள் நுழையாமலே ஊரைக் கடந்துவிடுகிறது. நெல் நடந்த வழியில் சிந்திய மணியை உண்டு வாழ்ந்த கோழி என்ன செய்யும்? கோழியின் எண்ணிக்கை குறைந்ததற்கு மக்களின் சோம்பல் காரணமன்று. நெல்லின் வழி மாறியதே காரணம்.

மறுபுறம் நாமக்கல் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் கோழிகள் கூண்டுகளில் வளர்கின்றன. ஆண்டுக்கு 300-க்கு மேல் முட்டையிடும் அக்கோழிக்கு நாளொன்றுக்கு 110 கிராம் அளவு தீவனம் வேண்டும். ஆண்டுக்கு 40 கிலோ. அதுவும் மக்காச்சோளமும் சோயாவுமாக வெளியிலிருந்து வர வேண்டும். அது வேறொரு தொழில். மலிந்த விலையில் நாட்டுக்கு முட்டையளித்த தொழில். இறைச்சிக்கோழியின் கதையிலோ நமக்கொரு வியப்பு உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அசில் முதலியவற்றின் கலப்பால் உருவாகி, இந்தியப் போர்க்கோழி என்றே முன்னர் வழங்கிய கார்னிஷ் இனத்தின் கலப்புக் கோழி, 1948-இல் அமெரிக்காவில் நடந்த ‘நாளைய கோழி’ப் போட்டியில் வென்றது. இன்றைய பிராய்லரின் தந்தைவழியில் அக்குருதி ஓடுகிறது. நாம் நடுகல் எடுத்த போர்க்கோழியின் உறவு, உலகெங்கும் உணவாகியது.

இன்று வீட்டுக்கெனவே உருவாக்கிய இனங்களும் உள்ளன. ஐதராபாத்து ஆராய்ச்சி நிலையத்தின் வனராஜா, கிராமப்பிரியா ஆகியவையும், சென்னைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழியும் மேய்ந்து வாழவும் வல்லன. நாட்டுக்கோழியினும் மிகுதியாக முட்டையிடும். ஆயினும் அடைகாக்கும் குணத்தை இவற்றிடம் எதிர்பார்த்தல் ஆகாது. குஞ்சை மீண்டும் மீண்டும் வெளியிலிருந்தே வாங்க வேண்டும்.

ஆதலால் தொடக்கத்து வினாக்களை வரிசை மாற்றிக் கேட்பதே முறை. முதலில் முற்றத்தை அளக்க வேண்டும். வீட்டில் நாள்தோறும் மிஞ்சுவது எவ்வளவு என்று ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். அது இரண்டு கோழிக்குப் போதுமானால் இரண்டே வையுங்கள். குஞ்சும் தொடர்ச்சியும் வேண்டுமெனில் சிறுவிடை. விற்பனைக்கு முட்டை வேண்டுமெனில் புதிய இனம், ஆனால் தீவனச் செலவை முன்கூட்டியே ஏட்டில் எழுதியபின். எதுவாயினும் குஞ்சுப் பருவத்தின் முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சலுக்குரிய சொட்டு மருந்தை விடத் தவறாதீர்கள். கோழி விற்ற காசு யார் கைக்குப் போகும் என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இருக்கும் மிக மூத்த பெண்மணியிடம் சென்று, அவர் இளமையில் எத்தனை கோழி வைத்திருந்தார், அவை எங்கே மேய்ந்தன, அடைக்கு எந்த மாதத்தில் வைத்தார், விற்ற காசை என்ன செய்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அரசர்களின் கணக்குக் கல்வெட்டில் இருக்கிறது. இக்கணக்கு எந்தக் கல்லிலும் இல்லை. கேட்டு எழுதுவோர் இல்லையேல் அம்மூதாட்டியரோடு அதுவும் போய்விடும்.